பலகார வண்டிக்கு மோட்டார் கடைசிக் கேள்வி

கேட்கப்பட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். காரைக்குடிக்காரர் ஒருவரின் தந்தை, வீட்டில் செய்த தேன்குழல், மணகோலம், சீப்புச் சீடை ஆகியவற்றைத் தகர டின்களில் அடைத்து, பழைய சைக்கிளின் கேரியரில் கட்டிக்கொண்டு, கோட்டையூர், பள்ளத்தூர்ப் பக்கம் தெருத்தெருவாக விற்று வருகிறார். வயது 63. சுமை 40 கிலோ. நாளொன்றுக்குச் சுற்றும் தொலைவு ஏறத்தாழ 25 கி.மீ. முழங்கால் வலிக்கிறது, ஏறி இறங்கும்போது வண்டியோடு சாய்ந்துவிடுகிறார். அந்தச் சைக்கிளையே அறுத்து மூன்று சக்கரமாக்கி மோட்டார் வைக்கலாமா, எத்தனை வாட் மோட்டார் வாங்க வேண்டும், சட்டம் விடுமா என்று மகன் கேட்கிறார்.

செய்யலாம். ஆனால் வீட்டில் வண்டி செய்கிற எல்லோரும் மோட்டாரைத்தான் முதலில் கேட்கிறார்கள். அது கடைசியில் கேட்க வேண்டியது. முதலில் தீர்மானிக்க வேண்டியவை பிரேக்கும் அச்சும். காரைக்குடியில் லேத்தும் வெல்டிங்கும் கொண்ட ஒரு பட்டறையை 30 ஆண்டுகளுக்கு மேல் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: என்னிடம் பழுதுக்கு வந்த சொந்தத் தயாரிப்பு வண்டிகளில் மோட்டார் போனவை சொற்பம். அச்சு வளைந்தும், சக்கரம் எட்டு வடிவில் நெளிந்தும், பிரேக் பிடிக்காமல் சுவரில் முட்டியும் வந்தவைதான் அதிகம்.

நம் பக்கத்தில் வண்டி செய்வது புதிய சங்கதி அன்று. நுங்கு தின்ற பிறகு இரண்டு கூந்தலை, அதாவது காலியான நுங்குக் காயை, குச்சியில் கோத்துக் கவட்டைக் கம்பால் தள்ளிக்கொண்டு ஓடாத பிள்ளை எங்கள் தலைமுறையில் கிடையாது. அடுத்த படி பேரிங் வண்டி: பட்டறையில் தேய்ந்துபோன மூன்று பேரிங்கைக் கெஞ்சி வாங்கி, பலகைக்கு அடியில் அடித்து, முன்கட்டையைக் காலால் திருப்பி ஓட்டுவோம். தெருவில் ஓட்டியவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மழை நாளில் பெரிய வீட்டு வளவுக்குள், அதாவது உள்முற்றத்துப் பக்கம் ஓட்டி, தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் மூன்று கோடு இழுத்துவிட்டோம். அந்த வீட்டு அப்பத்தா வண்டியை வாங்கி அடுப்பில் வைத்துவிட்டார். இரும்புப் பேரிங்கின் விளிம்பு அத்தனை எடையையும் ஒரு நூல் அகலத்தில் தாங்குகிறது என்பதை அந்தக் கோடுகள்தாம் எனக்குக் கற்பித்தன. டயர் ஏன் வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் பிறகு கிடைக்கவில்லை.

பெரியவர்களின் வண்டியிலும் இதே பாடம்தான். குடம், ஆரக்கால், வட்டை, அதன்மேல் காய்ச்சி ஏற்றிய இரும்புப் பட்டை என்று ஆசாரியும் கொல்லரும் சேர்ந்து செய்த மரச் சக்கரம், பழைய லாரி அச்சும் காற்று டயரும் கொண்ட டயர் வண்டிக்கு இடம் விட்டது. மரச் சக்கரங்கள் இப்போது பழம்பொருள் கடைகளிலும் விடுதி முற்றங்களிலும் சாய்ந்து நிற்கின்றன. அதே காலத்தில், சிவகங்கைச் சீமையின் மாட்டுவண்டிப் பந்தயங்களுக்காக நம் பட்டறைகள் செய்கிற வண்டி நேர்மாறான திசையில் போயிற்று: வேண்டாத ஒவ்வொரு கட்டையையும் கழித்து, ஓட்டுபவர் தொற்றிக்கொள்ளும் அளவுக்கு மட்டும் உடலை வைத்து, அச்சு நேராக இருக்கிறதா, பேரிங் தடையின்றிச் சுற்றுகிறதா என்பதில் உயிரை வைப்பார்கள். பார வண்டி பலத்தையும் பந்தய வண்டி இலகுவையும் காட்டுகின்றன. இரண்டிலும் நமக்குக் கிடைக்காத ஒன்று பிரேக். சில வண்டிகளில் பிரேக் கட்டை உண்டு என்றாலும், மாட்டு வண்டியை நிறுத்துவது மாடுதான். மாட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரைப் பூட்டும்போது, இழுக்கும் சக்திக்கு மாற்று வைக்கிறோம். நிறுத்தும் சக்திக்கு மாற்று வைக்க மறந்துவிடுகிறோம்.

வடக்கே ‘ஜுகாடு’ என்று ஒரு வண்டி உண்டு. நீரிறைக்கும் டீசல் எஞ்சினை மரச்சட்டத்தில் ஏற்றி, ஜீப்பின் பழைய பாகங்களைச் சேர்த்து, ஊரையே ஏற்றிக்கொண்டு போவார்கள். சென்னையின் மீன்பாடி வண்டியும், பழைய மொபெட் எஞ்சின் பொருத்திய ட்ரைசைக்கிள் என்ற வகையில், அதற்குத் தம்பி முறை. இவற்றின் சாமர்த்தியத்தை நான் மதிக்கிறேன். உங்கள் தந்தைக்கு மாதிரியாகக் காட்ட மாட்டேன். அதைவிட நல்ல மாதிரி குஜராத்தின் அம்ரேலி மாவட்டத்து மன்சுக்பாய் ஜகானி செய்த ‘புல்லட் சாந்தி’. வறட்சியில் மாடு வைத்துக்கொள்ள முடியாமல் போன உழவர்களுக்காக, 1990-களில், மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தை மட்டும் எடுத்துவிட்டு, இரு சிறு சக்கரங்களும் உழவுக் கருவிகளைப் பூட்டும் சட்டமும் கொண்ட ஓர் இணைப்பை அங்கே பொருத்தினார். இந்தியாவிலும் அமெரிக்காவிலும் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அதில் நான் வியப்பது அவர் தொடாமல் விட்ட பகுதியை. முன்சக்கரம், ஃபோர்க், கைப்பிடி ஆகியவை தொழிற்சாலையில் செய்தபடியே இருக்கின்றன. எதைச் செய்வது, எதை வாங்கியபடியே வைத்துக்கொள்வது என்ற அந்தக் கணக்குத்தான் உங்களுக்கும் வேண்டும்.

சைக்கிளை அறுப்பது பற்றி இப்போது சொல்ல முடியும். சைக்கிளின் பின்சக்கரத்தை எடுத்துவிட்டு, பட்டைச் சட்டம் ஒன்றை வைத்து, அதன் இரு பக்கமும் ஒவ்வொரு சைக்கிள் சக்கரத்தைப் பொருத்துவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பட்டறை தொடங்கிய புதிதில், அரிசி மூட்டை கொண்டுவர அப்படியொரு வண்டி செய்தேன். இடப்பக்கச் சக்கரத்தின் அச்சை ஒரே ஒரு தகட்டில் மட்டும் நட்டு போட்டு இறுக்கியிருந்தேன். மறுமுனை அந்தரத்தில் நின்றது. பத்து நாள் நன்றாக ஓடியது. பிறகு தேவகோட்டை ரஸ்தா சாலையில் ஒரு நாள் மாலை ரப்பர் தீய்கிற வாடை வந்தது. இறங்கிப் பார்த்தால், சக்கரத்தின் மேல்விளிம்பு உள்பக்கமாகச் சாய்ந்து பெட்டியை உரசிக்கொண்டிருந்தது. ‘வீட்டுக்குப் போய் நிமிர்த்திக்கொள்ளலாம்’ என்று மறுபடி ஏறினேன். அரை மைல் போவதற்குள் அச்சு மரை தொடங்கும் இடத்தில் முறிந்து, சக்கரம் தனியாக ஓடி வேலிக்குள் புகுந்தது. அரிசியில் பாதி சாலையில் கிடந்தது. முறிந்த முகத்தைப் பார்த்தேன். பெரும்பகுதி பழுப்பேறி மழுங்கிக் கிடக்க, ஓரத்தில் ஒரு சிறு பிறை மட்டும் பளபளவென்று புதிதாக இருந்தது. பல நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் ஓடி, கடைசிப் பிறையில்தான் வண்டி நின்றுகொண்டிருந்திருக்கிறது.

சைக்கிள் அச்சு இரு முனையிலும் தாங்கப்படுவதற்காகச் செய்யப்பட்டது. ஒரு முனையில் மட்டும் தாங்கினால் அதே சுமை அதை வளைக்கத் தொடங்கும். மரையின் பள்ளம் விரிசலுக்கு வாசல். சக்கரத்துக்கும் இதே கதைதான். இரு சக்கர வண்டி திரும்பும்போது சாய்கிறது, ஆகவே சுமை கம்பிகளின் தளத்திலேயே இறங்குகிறது. மூன்று சக்கர வண்டி சாயாது. திருப்பத்தில் சுமை சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளும். மெல்லிய கம்பிகள் கொண்ட பெரிய சைக்கிள் சக்கரம் அந்தத் தள்ளலுக்கு ஆகாது. எனவே சரக்கு ட்ரைசைக்கிளுக்கென்றே விற்கும் பின் அச்சை, அதன் தடித்த கம்பிச் சக்கரங்களோடும் டிரம் பிரேக்கோடும் முழுதாக வாங்கிவிடுங்கள். இந்த இடத்தில் மிச்சம் பிடிக்கும் பணம் மருத்துவமனைக்குத்தான் போகும். இத்தகைய அச்சுகளில் பெரும்பாலும் ஒரு சக்கரம் மட்டுமே செயினால் இயங்கும், மற்றது தானாகச் சுற்றும். திருப்பத்தில் வெளிச்சக்கரம் அதிகத் தூரம் ஓட வேண்டியிருப்பதால், இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கினால் வண்டி திரும்ப மறுக்கும், டயரும் தேயும். ஒரு சக்கரம் மட்டும் இயங்குவதால் வண்டி லேசாக ஒரு பக்கம் இழுப்பது குறையன்று. இரண்டு நாளில் கை பழகிவிடும்.

அடுத்தது கவிழ்தல். தந்தையார் சாய்ந்துவிடுகிறார் என்பதற்காகத்தான் மூன்றாவது சக்கரத்தைத் தேடுகிறீர்கள். ஆனால் மூன்று சக்கர வண்டி வேறு விதமாகக் கவிழும், அது எச்சரிக்கையும் தராது. பின்சக்கரங்களுக்கு இடையே 80 செ.மீ. அகலம், ஆளும் சரக்கும் சேர்ந்த எடையின் மையம் தரையிலிருந்து 90 செ.மீ. உயரம், அந்த மையம் முன்சக்கரத்திலிருந்து பின் அச்சு வரையிலான நீளத்தில் பத்தில் ஏழு பங்கில் இருக்கிறது என்று கொள்வோம். அகலத்தின் பாதி 40 செ.மீ. என்றாலும், முன்னால் ஒற்றைச் சக்கரம் என்பதால் அந்த இடத்தில் வண்டிக்குக் கிடைக்கும் கால்பரப்பு 28 செ.மீ. மட்டுமே. இப்படிப்பட்ட வண்டி, 5 மீட்டர் ஆரத் திருப்பத்தில் மணிக்கு 14 கி.மீ. வேகத்திலேயே உள்சக்கரத்தைத் தூக்கிவிடும். டின்களைக் கீழே இறக்கி மையத்தை 60 செ.மீ. உயரத்துக்குக் கொண்டுவந்தால் 17 கி.மீ. வரை தாங்கும், அகலத்தை ஒரு மீட்டராக்கினால் 19. செட்டிநாட்டுத் தெருக்கள் அகலமானவை, நேரானவை. ஒரு மீட்டர் அகல வண்டி அவற்றில் தாராளமாகப் போகும். ஆனால் நேர்த் தெருவில் வேகம் எடுத்துவிட்டு, முனையில் செங்கோணமாகத் திரும்பும் பழக்கமும் அந்தத் தெருக்கள் தருவதுதான். ஆகவே பெட்டியைப் பின் அச்சுக்கு மேலே அடுக்காமல், அச்சின் முன்னும் பின்னும் தொங்கும் தொட்டியாகச் செய்யுங்கள். கனமான தேன்குழல் டின்கள் அடியிலும், காற்றாய் இருக்கும் பொரிப் பொட்டலங்கள் மேலேயும் இருக்கட்டும்.

ஐஸ் வண்டி போல முன்னால் இரு சக்கரமும் பெட்டியுமாக வைக்கலாமே என்று கேட்பீர்கள். பிரேக் பிடிக்கும்போது அது உறுதியானது, சரக்கும் கண்முன்னால் இருக்கும். ஆனால் கைப்பிடியோடு பெட்டியையும் சேர்த்துத் திருப்ப வேண்டும். 40 ஆண்டு சைக்கிள் ஓட்டிய கைக்கு அது ஒவ்வாது. பின்சுமை வண்டியையே சொல்வேன்.

பிரேக்குக்கு வருகிறேன். ஆளும் சரக்கும் வண்டியும் சேர்ந்து 150 கிலோ. இப்போதைய சைக்கிள் ஆளும் சரக்குமாக 120 கிலோ இருந்து மணிக்கு 12 கி.மீ. போகிறது என்றால், நிறுத்துவதற்குக் கரைக்க வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 670 ஜூல். மோட்டார் வைத்த வண்டி மணிக்கு 25 கி.மீ. தொட்டால் அது 3,600 ஜூலுக்கு மேல். எடை கால் பங்குதான் கூடியது. நிறுத்தும் வேலை ஐந்து மடங்கைத் தாண்டிவிட்டது. பழைய சைக்கிளின் கம்பி பிரேக், மழையில் நனைந்த ரிம்மில், இந்த வேலையை ஒருபோதும் செய்யாது. பின்சக்கரங்கள் இரண்டிலும் டிரம், முன்சக்கரத்தில் நல்ல ரிம் பிரேக் அல்லது டிஸ்க், இவை தனித்தனி லீவரில் இருக்க வேண்டும். லீவரை அமுக்கியதும் மோட்டாருக்கு மின்சாரம் நிற்கிற சுவிட்சு உள்ள லீவராகப் பார்த்து வாங்குங்கள். இதோடு லீவரைப் பூட்டி வைக்கும் கொக்கி ஒன்றும் வேண்டும். மூன்று சக்கர வண்டிக்கு ஸ்டாண்டு கிடையாது. தந்தையார் பலகாரத்தை எடை போட்டுக்கொண்டிருக்கும்போது வண்டி ஊருணிப் பக்கம் உருண்டு போவதைப் பார்க்க நேரிடும்.

வண்டியின் சட்டம், அதாவது ஃபிரேம், உங்கள் வேலை, அதில் கை வைக்கலாம். 25 மி.மீ. சதுர இரும்புக் குழாய், 2 மி.மீ. தடிப்பு, இந்தச் சுமைக்குப் போதும். மூலைகளில் முக்கோணத் தகடு வையுங்கள். தண்ணீர்க் குழாய்க்கு வரும் ஜி.ஐ. பைப்பை வெல்டிங் செய்யாதீர்கள். துத்தநாகப் புகை இரவில் குளிர்காய்ச்சல் கொண்டுவரும். பழைய சைக்கிள்களின் சட்டம் பித்தளைப் பற்றால் இணைக்கப்பட்டது. அந்த இணைப்புக்கு அருகே ஆர்க் வெல்டிங் வைத்தால் பற்று உருகி, வெளியே தெரியாமல் விட்டுவிடும். ஆகவே முன்பாதியை அறுத்து ஒட்டாமல், பின் அச்சுச் சட்டத்தைக் கவ்விகளும் போல்ட்டும் கொண்டு பழைய ஃபிரேமோடு பிணைப்பதே நல்லது. நாளைக்குக் கழற்றவும் முடியும். வெல்டிங்கின் எர்த் கவ்வியைப் பற்று வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே போடுங்கள். எங்கோ சக்கரத்தில் போட்டால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து குண்டுகளில் புள்ளி விழும். ஒரு வாரத்தில் கரகரவென்று சத்தம் கேட்கும், காரணம் தெரியாது.

இனி மோட்டார். 150 கிலோ வண்டி சமதளத்தில் மணிக்கு 15 கி.மீ. போக, சுமார் 120 வாட் போதும். 30 அடிக்கு ஓர் அடி உயரும் மேம்பாலத்தில் அதே வேகத்துக்கு இன்னொரு 200 வாட் கேட்கும். வேகத்தை 10 கி.மீ. ஆகக் குறைத்தால் மொத்தமே 200 வாட்டுக்குள் அடங்கிவிடும். ஆக, 250 வாட்டுக்குச் சற்றுக் குறைந்த முன்சக்கர ஹப் மோட்டார் (சக்கரத்தின் நடுக்குடத்திலேயே அமைந்த மோட்டார்) ஒன்று, ஏற்றத்தில் பொறுமையும் கொஞ்சம் பெடலும் சேர்த்தால், இந்தத் தொழிலுக்குச் சரியான அளவு. முன்சக்கரத்தில் வைத்தால் செயின் பக்கத்து ஏற்பாடு எதையும் கலைக்க வேண்டியதில்லை. ஃபோர்க் இரும்பாக இருக்க வேண்டும். மோட்டார் அச்சு சுழன்று ஃபோர்க்கைப் பிளக்காமலிருக்க, அதோடு வரும் பிடிப்புத் தகட்டை இருபுறமும் பூட்ட வேண்டும்.

பேட்டரிக் கணக்கு: ஒரு கி.மீ.க்குச் சமதளத்தில் 10 வாட்மணி அளவு செலவாகும். 25 கி.மீ.க்கு 250, வீட்டுக்கு வீடு நின்று கிளம்புவதற்கும் ஏற்றத்துக்கும் சேர்த்து 350 என்று வைத்துக்கொள்ளுங்கள். 36 வோல்ட், 15 ஆம்பியர்மணி பேட்டரியில் 540 இருக்கிறது. மிச்சம் வைத்து ஓட்டினால்தான் பேட்டரி நாள்பட வரும். லெட் ஆசிட்டில் இந்த அளவை எட்ட, கூடுதலாகப் பத்துப் பதினைந்து கிலோ சுமக்க வேண்டியிருக்கும். வேகமாக இழுக்கும்போது எழுதியிருக்கும் அளவைத் தரவும் தராது. நம் ஊர் வெயிலுக்கு லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையே பொருத்தம். பழைய லேப்டாப் செல்களைப் பொறுக்கிச் சேர்த்துப் பேட்டரி கட்டும் காணொளிகளைப் பார்த்திருப்பீர்கள். அதை மட்டும் செய்ய வேண்டாம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் நம் ஊரிலேயே இருக்கிறது. பேட்டரி என்பது அத்தனை பேர் ஆயுள் முழுவதும் ஆராய்கிற பொருள். திண்ணையில் உட்கார்ந்து பற்றவைக்கிற பொருளன்று. சார்ஜ் போடுவதைத் திறந்த முகப்பில், நிழலில், யாரும் படுக்காத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் சுற்றி வந்த பேட்டரியை ஆறவிட்டுப் பிறகு போடுங்கள்.

சட்டம் பற்றிய கவலைக்கு நேரான பதில் உண்டு. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, 30 நிமிடத் திறன் (மோட்டார் அரை மணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய திறன்) 0.25 கிலோவாட்டுக்கும், உச்ச வேகம் மணிக்கு 25 கி.மீ.க்கும் குறைவாக உள்ள மின்வண்டி, விதிகள் குறிப்பிடும் சோதனை நிறுவனம் ஒன்று அதைச் சரிபார்த்து ஒப்புதல் தந்தால், மோட்டார் வாகனமாகக் கொள்ளப்படுவதில்லை; தகுந்த பிரேக்கும், முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு எதிரொளிப்பான்களும் இருக்க வேண்டும். மோட்டார் வாங்கும்போது அதன் திறனைப் பில்லில் எழுதி வாங்கி, கிளம்பும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒருமுறை காட்டிக் கேட்டுக்கொள்வது நல்லது. ‘கொஞ்சம் பெரிசா இருக்கட்டுமே’ என்று 750 வாட் வாங்கிவிட்டால் அது மோட்டார் வாகனம். பதிவும் காப்பீடும் உரிமமும் இல்லாமல் தெருவில் ஏறக்கூடாது. பெட்ரோல் எஞ்சின் பொருத்துவோருக்கும் எல்லை உண்டு: நான்குக்குக் குறைந்த சக்கரமும் 25 சி.சி.க்கு மிகாத எஞ்சினும் உள்ளவை மட்டுமே 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறைக்கு வெளியே நிற்கின்றன. வீட்டில் செய்ததால் விலக்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். ஜுகாடும் மோட்டார் வாகனமே, பதிவு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் சொல்லிவிட்டது. பதிவான பழைய மொபெட்டை அறுத்து வண்டி செய்வது இன்னும் மோசம். அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் விழலாம், ஆறு மாதம் வரை சிறையும் கிடைக்கலாம்.

வண்டி முடிந்ததும் தந்தையாரை ஏற்றாதீர்கள். 40 கிலோ மணல் மூட்டையைப் பெட்டியில் வைத்து, நீங்கள் ஓட்டுங்கள். வெறும் மைதானத்தில் மோட்டாரை இணைக்காமல் ஒரு நாள், இணைத்து ஒரு நாள். ஈர மண்ணிலும் தாரிலும் பிரேக் பிடித்து, எத்தனை அடியில் நிற்கிறது என்று சுண்ணாம்புக் கோடு போட்டுப் பாருங்கள். முதல் 100 கி.மீ. முடிந்ததும் ஒவ்வொரு கம்பியையும் விரலால் தட்டுங்கள். தளர்ந்தது மட்டும் சுருதி இறங்கி ஒலிக்கும். எல்லா நட்டுகளிலும் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்து வையுங்கள்; கோடு விலகியிருந்தால் நட்டு திரும்பியிருக்கிறது என்று அவரே காலையில் பார்த்துக்கொள்வார்.

பெட்டியின் மூடி எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பதை மட்டும் உங்கள் தந்தையாரிடம் கேளுங்கள். வாடிக்கை வீடுகளில் ஆச்சிமார் படியிறங்கி வந்து எந்தப் பக்கம் நின்று வாங்குகிறார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும்.